பூ இருக்கட்டும், முதலில் ஜாடியின் அடியைக் காட்டுங்கள்

போன மாதம் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினாள். சிங்கப்பூர் தோ பாயோவில் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். முன்பு குடியிருந்தவர்கள் ஹால் மூலையில் ஒரு சீனப் பூச்சாடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முழங்கால் உயரம், வெள்ளை உடம்பு, ரோஜா நிறத்தில் பெரிய பெரிய பூக்கள், கழுத்தின் இரண்டு பக்கமும் தங்கம் பூசிய யானைத்தலைக் கைப்பிடி. "மாமா, இது மிங் காலத்து ஜாடின்னு வீட்டு ஏஜெண்டு சொல்றாரு. வித்தா ரெனவேஷன் காசு வருமா?"

மிங் என்பது சீனாவை முன்பு ஆண்ட அரச வம்சம். நாலு படத்திலும் பூதான் தெரிந்தது. "அடியைப் படம் எடுத்து அனுப்பு" என்று பதில் போட்டேன்.

நான் பீங்கானைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. சிங்கப்பூரில் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் 31 வருடம் பொட்டலம் கட்டியவன். தூதரக வீடுகள், பழைய பங்களாக்கள், பெரனாக்கன் குடும்பத்து வீடுகள் என்று எத்தனையோ இடங்களில் ஜாடிகளைப் பஞ்சிலும் தாளிலும் சுற்றியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஜாடியின் முகத்தைப் பார்ப்பார். கட்டுகிறவன் அதன் அடியைத்தான் பார்ப்பான். எங்கள் ஃபோர்மேன் ஹொக்கியன் பேசும் சீனர். அவர் சொன்னதையும் என் கை பழகியதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாடி பழசு என்று ஒரே அடையாளத்தைக் கொண்டு நிரூபிக்க முடியாது. புதுசு என்று நிரூபிக்க ஒன்று போதும். ஆகவே பழமையைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, ஜாடியைத் தூக்குவோம். கழுத்தைப் பிடித்தோ காதைப் பிடித்தோ தூக்கக் கூடாது. கைப்பிடி எப்போதோ உடைந்து பசையில் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு கை அடியில், ஒரு கை தோளில். விரலில் மோதிரம், கையில் வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். கட்டிலில் கனமான துண்டை விரித்து ஜாடியைக் குழந்தை மாதிரி படுக்க வையுங்கள். கவிழ்த்து நிறுத்த வேண்டாம். வாய் விளிம்பு அந்தக் கனத்தைத் தாங்காது. பகல் வெளிச்சம், ஒரு டார்ச், கடிகாரக்காரர் கண்ணில் மாட்டுகிற மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. இவ்வளவுதான் சாமான். லென்ஸ் 20 வெள்ளிக்குள் கிடைக்கும்.

அடியில் முதலில் பார்க்க வேண்டியது, ஜாடி தரையைத் தொடும் அந்த வட்ட விளிம்பு. பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும் மெருகு அங்கே மட்டும் இருக்காது. சூளையில் வெந்து நிற்கும்போது மெருகு உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த வளையத்தைத் துடைத்துவிடுவார்கள். ஆக, ஜாடியின் உடம்பு மண்ணை ஆடை இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெசென்னில் நல்ல மண்ணில் செய்து, இருநூறு வருடம் மேசை மேல் நகர்ந்து நகர்ந்து தேய்ந்த விளிம்பு, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருக்கும். அழுக்கு இருந்தால் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மேலே பூசியதுபோல இருக்காது. புதுசில் விளிம்பு சாக்பீஸ் மாதிரி வெளேரென்று வறட்சியாக இருக்கும், இல்லையென்றால் உப்புத்தாளில் தேய்த்ததுபோல ஒரே சீராக இருக்கும். மெருகும் மண்ணும் சந்திக்கும் கோட்டில் மெல்லிய செம்மஞ்சள் கரை தெரிந்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மண்ணில் இருக்கும் இரும்பு சூளையிலேயே சிவந்து விட்ட தடம் அது. மிங் காலத்து ஜாடிகளில் அடிக்கடி பார்க்கலாம். ஆனால் அதையும் இப்போது தூரிகையால் தீட்டுகிறார்கள். தீட்டியது எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்கும். சூளை அப்படி அளந்து போடாது.

சொரசொரப்பு என்றாலே புதுசு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மிங் காலத்துக் கடைசியில் தெற்கே ஜாங்ஜோ பக்கத்துச் சூளைகளில் ஏற்றுமதிக்காக அவசரமாகச் செய்த தட்டுகளின் அடியில் மணல் அப்படியே ஒட்டியிருக்கும். அது அந்தச் சரக்கின் சுபாவம்.

என் சொந்தக் கதை ஒன்று. 1996இல் சுங்கை ரோடு சந்தையில் 180 வெள்ளி கொடுத்து ஒரு நீல வெள்ளை ஜாடி வாங்கினேன். (அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.) ஒரு அடி உயரம், அடியெல்லாம் காபி நிறத்தில் காய்ந்த அழுக்கு. விற்றவர் மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்றார். நானும் தலையாட்டினேன். மறுநாள் ஃபோர்மேனிடம் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, ஜாடியின் அடியை அதில் முக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் திரும்பி வரும்போது தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. ஜாடியின் அடி நேற்று வாங்கிய சோற்றுத் தட்டு மாதிரி வெளுத்திருந்தது. "அறுநூறு வருச அழுக்கு அரை மணி நேரத்தில் போகாது" என்றார். தேயிலைச் சாயம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஷூ பாலிஷ் என்று இதற்கென்றே ஒரு சமையலறை இருக்கிறது. நீங்களும் முக்கிப் பாருங்கள். ஆனால் ஒட்டுப் போட்ட ஜாடியையும், தங்கப்பூச்சு உரிகிற ஜாடியையும் முக்க வேண்டாம். அதற்கெல்லாம் ஈரப் பஞ்சு போதும்.

கீறலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வாழ்ந்த ஜாடியில் கீறல்கள் கை படும் இடத்திலும் உடம்பு புடைத்து நிற்கும் இடத்திலும் இருக்கும். நீளம் ஆழம் எல்லாம் வேறு வேறாக, திசை இல்லாமல் கிடக்கும். லென்ஸில் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடினால் யாரோ உப்புத்தாள் பிடித்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க, இடுக்கில்கூட, பளபளப்பு ஒரே மாதிரி மங்கியிருந்தால் அமிலம். மெருகில் வலைபோல ஓடும் விரிசலைக் காட்டி "பழசு" என்பார்கள். அதை நம்பவே நம்பாதீர்கள். விரிசல் விழ வேண்டும் என்றே மெருகு கலந்து, அதில் மையூற்றி அழகு பார்ப்பது சீனாவில் மிங்குக்கும் முந்திய சோங் வம்ச காலத்திலிருந்து இருக்கும் கலை. நேற்றுச் செய்த ஜாடிக்கும் அது வரும்.

அப்புறம் கையை உள்ளே விடுங்கள். சக்கரத்தில் வனைந்த பெரிய ஜாடியை ஒரே மூச்சில் எடுக்க முடியாது. இரண்டு மூன்று துண்டாக வனைந்து, மண் குழம்பு தடவி ஒட்டுவார்கள். உள்ளே இடுப்புப் பக்கம் விரலுக்கு ஒரு வரம்பு குறுக்கே தட்டும். குயவன் விரல் ஓடிய வளையங்களும் தெரியலாம். அச்சில் கூழ் ஊற்றி எடுத்த ஜாடி உள்ளேயும் வழவழவென்று இருக்கும். வெளியே புடைத்த சிற்பத்துக்கு நேராக உள்ளே பள்ளம் இருக்கும். யானைத்தலைக் கைப்பிடி உள்ளே பொந்தாக இருக்கும். உயரத்துக்குப் பொருந்தாத லேசும் தெரியும். அரண்மனைக்கு வனைந்தது என்று சொல்லி விற்கிற ஜாடி இப்படி அச்சில் வந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வரம்பு தட்டியதும் துள்ள வேண்டாம். ஜிங்தெசென்னில் இன்றைக்கும் நல்ல கைகள் அதே முறையில்தான் வனைகின்றன.

தங்கை மகள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜாடியைக் கட்டிலில் படுக்க வைத்தோம். உள்ளே கை விட்டேன். வழவழ. சரி, லென்ஸ்.

அந்த ரோஜா நிறத்தைப் பார்த்தபோதே மிங் என்ற பேச்சு முடிந்துவிட்டது. மெருகுக்கு மேல் தீட்டும் அந்த ரோஜா நிறம் தங்கத்தை நுண்துகளாக்கி எடுப்பது. சீனப் பீங்கானில் அது வரத் தொடங்கியதே 1720 வாக்கில்தான். மிங் ஆட்சி 1644இல் கவிழ்ந்துவிட்டது. ஆக ரோஜா நிறப் பூ போட்ட மிங் ஜாடி என்பது, சோழர் காலத்துக் கல்வெட்டில் மிளகாய் வற்றல் கணக்கு எழுதியிருப்பதுபோல. நீல வெள்ளைக்கு இந்தச் சுலபமான கத்தி இல்லை. அது 14ஆம் நூற்றாண்டிலேயே உச்சத்துக்குப் போன சரக்கு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் டேவிட் ஜாடிகள் என்று இரண்டு இருக்கின்றன. யானைத்தலைக் காதுகளோடு, கழுத்தில் 1351ஆம் ஆண்டு என்று எழுதியே இருக்கிறது.

நீலத்தில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். மிங் பேரரசர் சுவாந்தே காலத்தில், அதாவது 1426இலிருந்து 1435 வரை, நீலம் தீட்ட வெளியிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். தூரிகை நின்ற இடங்களில் நீலம் கட்டிதட்டிக் கறுத்து மெருகுக்குள் அமிழ்ந்திருக்கும். ஜாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் புள்ளி ஒரு சின்னக் குழி மாதிரி தெரியும். பின்னால் வந்தவர்கள் அதைப் பின்பற்ற, தூரிகை நுனியால் கறுப்புப் புள்ளிகளை வேண்டுமென்றே வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே அரண்மனைச் சூளையில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அசலில் கறுப்பு தானாகத் திரண்டிருக்கும். நகலில் நெல் தூவியதுபோல வரிசையாக விழுந்திருக்கும்.

நம் ஜாடிக்கு வருவோம். ரோஜா நிறம் மிங்கைத்தான் அடித்தது. மிங்குக்கு அடுத்து ஆண்ட சிங் வம்ச காலத்தை அடிக்கவில்லை. சியென்லுங் பேரரசர் 1736இலிருந்து 1795 வரை ஆண்டார். அவர் காலத்தில் ரோஜா நிறம் கொட்டிக் கிடந்தது. ஆகவே லென்ஸை ஒரு பூவின் ஓரத்தில் வைத்தேன். கையால் இழுத்த கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, முடிவில் வால் விடும். இங்கே கோடு முழுக்க ஒரே தடிமன். ஓரங்களில் பத்திரிகைப் படத்தில் தெரிகிற மாதிரி நுண்ணிய புள்ளிகள். கோட்டை அச்சுத்தாளிலிருந்து ஒட்டிவிட்டு, உள்ளே மட்டும் கையால் நிறம் நிரப்பியிருக்கிறார்கள். நிறம் பல இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. தங்கை மகளுக்குப் புள்ளி தெரியவில்லை என்றாள். "ஜாடியைத் திருப்பு, பின்பக்கத்துப் பூவைப் பார்" என்றேன். முன்பக்கம் மூன்றாவது இலையின் நுனியில் புழு அரித்ததுபோல ஒரு வெட்டு. பின்பக்கப் பூவிலும் மூன்றாவது இலையில் அதே வெட்டு. அதற்குப் பிறகு லென்ஸ் தேவைப்படவில்லை.

கைப்பிடித் தங்கமும் அதையே சொன்னது. பழைய முறையில் தங்கப் பொடியைச் சுட்டுத் தேய்த்து ஏற்றுவார்கள். பார்க்க மங்கலாக, இதமாக இருக்கும். கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற பளீர்த் தங்கம் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வந்த திரவத் தங்கத்தின் வாரிசு. கைபட்டுத் தேய வேண்டிய காதுமடலில்கூட அது அப்படியே பளபளத்தது.

இனி அடியில் இருக்கும் முத்திரை. எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். நான் கடைசியில்தான் பார்ப்பேன். எழுத்தை எழுத யாராலும் முடியும்.

படிக்கத் தெரிந்தால் நல்லதுதான், கஷ்டமும் இல்லை. பொதுவாக ஆறு எழுத்து, இரண்டு பத்தி. வலது பத்தியை மேலிருந்து கீழே, பிறகு இடது பத்தியை. முதல் எழுத்து கையை விரித்து நிற்கும் மனிதன் மாதிரி: "தா", பெரிய. இரண்டாவது வம்சம். சூரியனும் சந்திரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் "மிங்". ஒரு குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல்தான் சூரியன், கால் முளைத்த ஏணிதான் சந்திரன். இடது ஓரத்தில் மூன்று நீர்த்துளி இருந்தால் "சிங்". அடுத்த இரண்டு எழுத்து பேரரசரின் ஆட்சிப் பெயர். கடைசி இரண்டும் "காலத்தில் செய்தது". ஃபோர்மேன் இதை எனக்கு அட்டைப்பெட்டி மேல் மார்க்கர் பேனாவால் எழுதிக் காட்டினார். சியென்லுங் காலத்து முத்திரைகள் பெரும்பாலும் சதுரக் கட்டத்துக்குள் கோலப் புதிர் மாதிரி வளைந்த எழுத்தில் இருக்கும். அதைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் பொருந்தினாலும் காலம் பொருந்த வேண்டியதில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதா என்ன? சிங் பேரரசர் கங்ஷி காலத்தில், அதாவது 1662இலிருந்து 1722 வரை, முன்னோருக்கு மரியாதையாக மிங் பேரரசர்களின் பெயரை எழுதினார்கள். போதாததற்கு 1677இல் ஜிங்தெசென் அதிகாரி ஒருவர் ஆளும் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதவே தடை போட்டார்; ஜாடி உடைந்தால் பெயரும் குப்பைக்குத்தானே போகும். அதனால் அந்தக் காலத்து நல்ல சரக்கின் அடியில் வெறும் நீல இரட்டை வட்டமோ ஒரு இலையோ மட்டும் இருப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் கங்ஷி பெயரையே நாலெழுத்தில் போட்டுத் தள்ளினார்கள். அவையும் இப்போது நூறு வருடம் தாண்டிய பழம்பொருள்தான். பொய்ப் பெயரோடு இருக்கும் நிஜப் பழசு! இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஆங்கிலத்தில் "சைனா" என்று இருந்தால் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கா 1890இல் போட்ட சுங்கச் சட்டப்படி, அடுத்த வருடத்திலிருந்து இறக்குமதிச் சரக்கில் நாட்டுப் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தது. ஆகவே "சைனா" என்று எழுதியிருந்தால் அதற்குப் பிந்தியது. "மேட் இன் சைனா" என்று இருந்தால் 20ஆம் நூற்றாண்டு. எழுதவில்லை என்பதால் முந்தியது ஆகிவிடாது. வேறு நாட்டுக்குப் போன சரக்குக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒட்டிய சீட்டு கழுவும்போது போயிருக்கும். மெருகு போட்ட அடியில் மூன்று அல்லது ஐந்து சிறு பருக்கள் வட்டமாக நின்றால் அது பெரும்பாலும் சீனாவே இல்லை. ஜப்பானில் அரிதா பக்கம், சூளையில் அடி தொய்யாமலிருக்க முட்டுக் கொடுத்த தடம் அது.

தங்கை மகளின் ஜாடி அடியில் சிவப்பு மையில் சதுர முத்திரை, சியென்லுங் பெயர். ரப்பர் முத்திரை குத்தியதுபோல ஒரு ஓரம் அழுத்தமாக, மறு ஓரம் மங்கலாக இருந்தது. அரண்மனைக்கு எழுதியவன் கையில் அப்படி வராது. 1970, 80களில் வெள்ளைப் பீங்கானை வாங்கி ஹாங்காங்கிலும் மக்காவிலும் நிறம் போட்டு உலகம் முழுக்க அனுப்பினார்கள். இதே பூ, இதே காது, இதே சிவப்பு முத்திரையோடு நான் சுற்றியவை ஒரு லாரி இருக்கும்.

உங்கள் ஜாடி இந்த எல்லாக் கேள்வியையும் தாண்டி நின்றால்? முதலில் ஒட்டு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டு சரிபார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், பசையும் பெயிண்டும் சுற்றியிருக்கும் மெருகிலிருந்து தனியாக ஒளிரும். நகத்தால் சுண்டினால் மணி மாதிரி இசைத்தால் விரிசல் இல்லை, தகரம் மாதிரி மந்தமாகக் கேட்டால் எங்கோ இருக்கிறது. இரண்டும் வயதைச் சொல்லாது, நலத்தை மட்டும்தான் சொல்லும். அடி விளிம்பைச் சுற்றி உள்ளேயும் வெளியேயும் இந்த விளக்கைக் காட்டுங்கள். உடைந்த பழைய கிண்ணத்தின் அடியை முத்திரையோடு வெட்டிப் புது ஜாடியில் பொருத்துகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

தெர்மோலூமினசென்ஸ் என்று ஒரு சோதனை உண்டு. மண் கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்பதைத் தோராயமாகச் சொல்லும். ஆனால் ஜாடியில் துளை போட்டு மண் எடுக்க வேண்டும். சோங்குக்கும் முந்திய தாங் வம்ச காலத்துச் சுடுமண் குதிரைக்கு அது சரி. மெல்லிய பீங்கானில் துளையை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதைவிடப் பெரிய ஏலக் கம்பெனியின் சீனப் பிரிவுக்கு அடி, விளிம்பு, உள்பக்கம், முத்திரை எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்புங்கள். ஒருவருக்கு இருவரைக் கேளுங்கள். 2022 அக்டோபரில் பாரிசுக்குத் தெற்கே ஃபோன்டென்ப்ளோவில் டிராகன் போட்ட நீல வெள்ளை ஜாடி ஒன்று ஏலத்துக்கு வந்தது. நிபுணர் அதை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று 1,500 முதல் 2,000 யூரோ மதிப்புப் போட்டிருந்தார். வாங்க வந்தவர்கள் 18ஆம் நூற்றாண்டு என்று நம்பி ஏற்றி ஏற்றி, கட்டணத்தோடு 91 லட்சம் யூரோவுக்குக் கொண்டுபோனார்கள். நிபுணர் தன் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. வேலை போனதுதான் மிச்சம்.

இடையில் கண்ணைப் பழக்க ஒரே வழி, நிஜத்தை நிறையப் பார்ப்பது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஏஷியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியத்தில் ஒரு நாளைப் போக்குங்கள். பெலித்துங் தீவுப் பக்கம் 9ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த தாங் காலத்துக் கிண்ணங்களைக் குனிந்து பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் வருடம் கடலில் கிடந்த மெருகு எப்படி மங்கியிருக்கிறது என்று தெரிந்தால், சிப்பியைப் பசை போட்டு ஒட்டி விற்கும் ஜாடியை எட்டு அடி தூரத்திலேயே பிடித்துவிடலாம்.

தங்கை மகளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. அப்புறம், "அப்ப இதுல குடை போட்டு வைக்கலாமா மாமா?" என்றாள். தாராளமாக வைக்கலாம் என்றேன். உள்ளே அடியில் பழைய துண்டை மடித்துப் போடச் சொன்னேன். குடையின் இரும்பு முனை தினமும் குத்தினால் ஒரு நாள் அடி விட்டுவிடும். ஈரக் குடையை அப்படியே போடாமல் உதறிவிட்டுப் போடச் சொன்னேன். டிசம்பர் மழைக்கு ஜாடிக்குள் கொசு முட்டை வைத்தால் அரசாங்கம் அபராதம் போடும்.